பதினேழாம் அறையில் கொம்பையா

பிப்ரவரி 1, வியாழன்

புத்தகம் வந்துவிட்டது. நான் கல்லூரி அலுவலகத்தில் இருந்ததால் கூரியர்காரர் எதிர்வீட்டு ஜாய்சி அம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அட்டையில் பாதி மூழ்கிய மணிக்கூண்டு, தண்ணீரிலிருந்து நீளும் ஒரு கை. ஆங்கிலப் புத்தகம்; பெயரைத் தமிழில் சொன்னால் ‘நீருக்குள் மடாலயம்’.

“லெந்து நோன்பு நாள் வரப்போவுது, இதென்னட்டி பாக்கியசீலி, பேய்ப் படம்?” என்றார் ஜாய்சி அம்மாள்.

பொறுமையாக விளக்கினேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ பேசி ஆடுகிற கதை ஆட்டம் இது. நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். எந்த அறையில் என்ன காத்திருக்கிறது என்பதெல்லாம் இந்தப் புத்தகத்தில் இருக்கும். அதை வைத்து ஆட்டத்தை நடத்துவது நான். நடத்தி முடித்ததும் புத்தகம் தேறுமா தேறாதா என்று ஓர் இணையதளத்தில் எழுதுகிறேன்.

“அப்போ ஜெபக்கூட்டம் மாதிரி” என்றார். ஏறக்குறைய அப்படித்தான் என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிவந்தேன்.

என் விதிகள் பழையவைதான். மேசையில் நடத்தாமல் ஒரு வரிகூட எழுதமாட்டேன். சும்மா படித்துவிட்டு மதிப்புரை எழுதுகிறவர்கள் சமையல் குறிப்பைப் பார்த்து உப்பு போதாது என்கிற கூட்டம். அச்சில் உள்ளபடிதான் நடத்துவேன், என் கைச்சரக்கைச் சேர்க்கமாட்டேன். அடுத்த ஞாயிறுக்குத் தேவையான பக்கங்களுக்கு மேல் படிக்கவும் மாட்டேன். வேலைக்குப் போய்வந்து ஆட்டம் நடத்துகிறவர்கள் அப்படித்தான் படிப்பார்கள். அந்த அரைகுறைப் படிப்பைப் புத்தகம் தாங்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஞானராஜ் இதைத் தலைக்கனம் என்பார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இசக்கிராஜ். ஆட்டத்தில் திருடன், பூட்டுத் திறப்பவன். எங்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் ரஹ்மத் நிஷா, மந்திரக்காரி. வங்கியில் வேலை பார்க்கும் பொன்னுத்துரை. கடவுள் பெயரால் காயம் ஆற்றும் பூசாரி. பொன்னுத்துரை என் வீட்டுக்காரரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். அண்ணி முறை வைத்து என்னை மைனி என்றுதான் கூப்பிடுவார்.

நான்காவது ஆள் கொம்பையா. கோடாலி தூக்கும் குள்ள வீரன். வெளிநாட்டுக் குள்ளனுக்கு நம்மூர் சுவாமி பெயரை வைத்துவிட்டு, பதினோரு வருடம் அவனாக உறுமியவர் ஞானராஜ். அக்டோபரில் ஞானராஜ் இறந்துபோனார்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வரமுடியாமல் போனால், அவர் ஆடுகிற ஆள் லாந்தரைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் வருவான். சண்டையில் சேரமாட்டான், சாகவும் மாட்டான். நவம்பரில் மறுபடி கூடியபோது மூன்று பேரும் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காகத்தான் நானே சொன்னேன்: “கொம்பையா லாந்தரோடு பின்னால் வருகிறான்.” அதிலிருந்து அப்படியே போகிறது. அவர்களால் அவனை விடமுடியவில்லை. நான் அனுமதிக்கிறேன், அவ்வளவுதான்.

புத்தகத்தின் தொடக்கம் மோசமில்லை. நான் வாசித்துக்காட்ட வேண்டிய வர்ணனைகள்தான் கல்யாணப் பத்திரிகை மாதிரி நீளம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. ஆள் வந்து காயில் கருகிவிட்டது என்று கழற்றிக்கொண்டு போனார். எதிர்வீட்டிலிருந்து இரண்டு குடம் எடுத்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இரண்டாம் வாரம். மடாலயத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டார்கள். ஒன்பதாம் அறையில் அறிவிக்காத குழி ஒன்று. நியாயமான குழி; கவனித்தால் தப்பலாம், தவறினால் பகடை உண்டு. இசக்கி உருட்டி, மயிரிழையில் தப்பினான்.

“கொம்பையா அண்ணாச்சி, லாந்தரைக் கொஞ்சம் முன்னால காட்டும். இல்லன்னா என் உசிரு போயிரும்” என்றான் இசக்கி.

கொம்பையாவுக்காக நான் “ம்” என்று உறுமினேன். ஞானராஜின் உறுமல் எனக்கு வராது. ஆனாலும் மூன்று பேரும் சிரித்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் அவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. எத்தனை நாள் இப்படி அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்களோ தெரியவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

மோட்டார் வந்துவிட்டது. அடுத்த வாரத்துக்கான பக்கங்களைப் படித்தேன்.

பதினேழாம் அறை. அறைகூட இல்லை, முழங்காலளவு தண்ணீர் நிற்கும் நீண்ட நடை. நடத்துகிறவருக்கான குறிப்பை அப்படியே தமிழில் எழுதிவைக்கிறேன்:

‘வரிசையின் கடைசியில் விளக்கோடு வருபவரைத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. சத்தம் இல்லை. பகடை இல்லை. மற்றவர்களிடம் எதுவும் சொல்லாதீர்கள். வெளிச்சம் அவர்கள் முதுகில் விழுந்துகொண்டே இருக்கும். யாராவது திரும்பிப் பார்க்கும்வரை அவர் இருப்பதுபோலவே நடத்துங்கள். யாரும் திரும்பாதவரை நடை முடியாது, நீண்டுகொண்டே போகும்.’

இரண்டு முறை படித்தேன். இதைவிடக் கேவலமான பக்கத்தை நான் பார்த்ததில்லை. பகடை கொடுக்காமல் ஓர் ஆளைக் கொல்லக்கூடாது. இந்த ஆட்டத்தின் அரிச்சுவடி அது.

மற்ற எல்லா மேசையிலும் இது பயமுறுத்தும் ஓர் அறை. எங்கள் மேசையில் கடைசியில் விளக்கோடு வருவது யார் என்று இதை எழுதிய மகராசனுக்குத் தெரியுமா?

பிப்ரவரி 15, வியாழன்

நேற்று முழுதும் யோசித்தேன். அச்சில் உள்ளபடி நடத்தினால் கொம்பையா போவான். அந்த மூன்று பேரும் உடைந்துபோவார்கள், ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு முடிந்துவிடும். நடத்தாமல் தாண்டினால் நான் எழுதப்போகும் மதிப்புரை பொய். ‘அச்சில் உள்ளபடி நடத்தப்பட்டது’ என்ற வரி இல்லாமல் நான் இதுவரை எழுதியதில்லை. அதை நம்பித்தான் படிக்கிறார்கள்.

மதிய இடைவேளையில், நடத்துவதற்கு முன்பே, பதினேழாம் அறையைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டேன். முதல் விதி போயிற்று. எழுதியது இது: ‘கூட வருகிற ஆள் இல்லாமல் போனால் யாருக்கும் தெரியாதாம். காலடி தெரியாதா? மூச்சு தெரியாதா? நம்பவே முடியாத அறை. இதை எழுதியவர் தன் வாழ்நாளில் யாரோடும் சேர்ந்து நடந்ததே இல்லை போலும்.’

எழுதிவிட்டுத் திரும்பப் படித்தபோது வரிக்கு வரி எழுத்துப்பிழை இருந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாததால் இருக்கும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

நான் ஒரு படிக்கட்டுக் கட்டினேன்.

பதினாறாம் அறையில் இரண்டு வாசல் என்றேன். புத்தகத்தில் ஒன்றுதான். இடது பக்கம் ஒரு கல் படிக்கட்டு மேலே போகிறது, காற்று வருகிறது, உலர்ந்திருக்கிறது என்று சொன்னேன். வேறு எவனாவது அந்தத் தண்ணீர் வாசலைத் தேர்ந்தெடுப்பானா? மூன்று பேரும் ஏறினார்கள். கொம்பையா லாந்தரோடு பின்னால் ஏறினான். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

ரஹ்மத் மட்டும், புத்தகத்தை மறைக்க நான் நிறுத்திவைத்திருக்கும் அட்டைத் தடுப்புக்கு மேலே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பகடையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

நிம்மதியாக இருக்கிறது. நிம்மதியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 19, திங்கள்

மதியம் ரஹ்மத் டிபன் பாக்ஸோடு என் அறைக்கு வந்தாள்.

“அக்கா, நேத்து ஏறின படிக்கட்டு புத்தகத்துல இருக்கா?”

“ஏன் கேக்க?”

“நீங்க படிச்சுச் சொல்லுத வாக்கியம் வேற மாதிரி இருக்கும். படிக்கட்டுக்கு மட்டும் உங்க சொந்த வாக்கியமா வந்துச்சு.”

மறைப்பதில் அர்த்தமில்லை. பதினேழாம் அறையைச் சொன்னேன். “உங்களுக்காகத்தான் செஞ்சேன். கொம்பையா போயிட்டா நீங்க மூணு பேரும் தாங்கமாட்டீங்க” என்றேன்.

அவள் சாப்பிடாமல் மூடியை மறுபடி போட்டாள். “எங்களுக்காகவா?”

“பின்ன? வாராவாரம் அவனக் கூப்பிட்டுப் பேசுதீங்களே.”

“அக்கா, கோவப்படாதீங்க. நவம்பர்ல உங்க வீட்டுக்கு வாரதுக்கு முன்னாலயே நாங்க மூணு பேரும் பேசி வச்சிருந்தோம். கொம்பையாவ அவன் ஊருக்கு மரியாதையா அனுப்பி வச்சிரலாம்னு. நாங்க வாயத் தொறக்கதுக்குள்ள நீங்க ‘லாந்தரோட பின்னால வாரான்’னு சொல்லிட்டீங்க. சொல்லும்போது உங்க முகத்தப் பாத்தோம். அதுக்கப்புறம் யாரு பேசுவா?”

“நான் உங்க முகத்தப் பாத்துத்தான் சொன்னேன்.”

“தெரியும்க்கா. ஒவ்வொரு வாரமும் கொஞ்ச நேரம் ஆட்டத்த நிறுத்திட்டு எங்களப் பாப்பீங்க. அவன்கிட்ட யாராவது ஒரு வார்த்த பேசுறவரைக்கும் பாப்பீங்க. அதான் இசக்கி பேசுதான். அதான் நாங்க சிரிக்கோம்.”

எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இவ்வளவு பெரிய கோபம் எனக்கு யார்மேலும் வந்ததில்லை. நாலு மாதமாக என்னைக் குழந்தைபோல் வைத்து ஆடியிருக்கிறார்கள். என் மேசையில், என் ஆட்டத்தில்.

பிப்ரவரி 20, செவ்வாய்

துணி துவைத்தேன். ரஹ்மத் இரண்டு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

பிப்ரவரி 21, புதன்

இட்லிக்கு ஊறப்போட்டு அரைக்க மறந்துவிட்டேன். இந்த ஞாயிறு ஆட்டம் இல்லை என்று செய்தி எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

பிப்ரவரி 22, வியாழன்

வங்கி முடிந்து பொன்னுத்துரை வந்தார். காப்பி போட்டேன். அவர் இருமிக்கொண்டு, ஃபேன் காற்று போதாது என்று சொல்லிக்கொண்டு, நேரத்தைக் கடத்தினார்.

“ரஹ்மத் சொல்லுச்சு மைனி” என்றார் கடைசியில். “அந்த ரூமப் பத்தி.”

“மோசமான ரூம் அது. கூட வாற ஆளு இல்லாமப் போனா தெரியாதாம். எவன் நம்புவான்?”

அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஞானராஜ் தவறின அன்னைக்கு நான் ஜங்சனுக்கு உங்க ரெண்டு பேரயும் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். பிளாட்பாரத்துக் கடைசில நின்னேன். நீங்க பையத் தூக்கிட்டுப் பேசிக்கிட்டே வந்தீங்க. தலையத் தலைய ஆட்டி, சிரிச்சு. பக்கத்துல ஞானராஜ் இல்ல. அவன் மேம்பாலப் படியிலயே உக்காந்துட்டான். நீங்க என்கிட்ட வந்து சேருத வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் வந்தீங்க.”

நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன். அவர் அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார். “குத்தம் சொல்ல வரல மைனி. டாக்டரு சொன்னாரு, மாரடைப்பு, ஒரு நிமிசந்தான், நீங்க கூடவே நின்னிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க ஏலாதுன்னு. அவன் போனது யாருக்குமே தெரிஞ்சிருக்காது. அதத்தான் சொல்ல வந்தேன்.”

காப்பி ஆறியிருந்தது. சூடாக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுப் போனார்.

நான் அப்போது என்ன பேசிக்கொண்டு வந்தேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் கொம்பையாவுக்குப் புதுக் கோடாலி கிடைக்கப்போகிறது என்று முன்கூட்டியே உளறிக்கொண்டு வந்தேன். ஞானராஜ் ஏதோ பதில் சொன்னதாகவும் நினைவிருக்கிறது. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

பிப்ரவரி 24, சனி

நாளை ஆட்டம் உண்டு என்று மூன்று பேருக்கும் செய்தி அனுப்பினேன். மதிப்புரைக்காகப் பதினேழாம் அறையைப் பற்றி எழுதிவைத்திருந்த பத்தியை அழித்தேன். நடத்தாத அறையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

பிப்ரவரி 25, ஞாயிறு

இன்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

உட்கார்ந்ததும் சொன்னேன். “போன வாரம் நீங்க ஏறின படிக்கட்டு புத்தகத்துல இல்ல. நானாக் கட்டினது. அத இடிச்சிட்டேன். பதினாறாம் அறையில தண்ணி வாசல்ல நிக்கீங்க.”

“இடிக்கும்போது எங்க தலையில கல்லு விழாமப் பாத்தீங்களே, அதுவே பெரிய காரியம்” என்றான் இசக்கி. யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

வரிசை கேட்டேன். இசக்கி முன்னால், அடுத்து ரஹ்மத், அடுத்து பொன்னுத்துரை. அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

“கொம்பையா லாந்தரோட பின்னால” என்று நான்தான் சொன்னேன்.

உள்ளே இறங்கினார்கள். அச்சில் உள்ளபடி வாசித்தேன். தண்ணீர் குளிர்ந்திருக்கிறது, சுவரில் பாசி, முன்னால் இருட்டு, வெளிச்சம் உங்கள் முதுகில் விழுகிறது. எந்த வாக்கியத்துக்கும் எந்த வாக்கியத்துக்கும் இடையில் அவன் போனான் என்று எனக்கே தெரியவில்லை. புத்தகத்தில் அந்த இடம் குறிக்கப்படவில்லை.

“என்ன செய்யுதீங்க?” என்று கேட்டேன்.

“நடக்கோம்.”

மறுபடி வாசித்தேன். வெளிச்சம் உங்கள் முதுகில் விழுகிறது. நடக்கோம் என்றார்கள். மறுபடி வாசித்தேன். கல்லுக்குக் கல் தட்டிப் பார்த்து எங்கள் உயிரை எடுக்கும் இசக்கி, ஒரு சுவரைக்கூடத் தொடவில்லை. ரஹ்மத் தலைகுனிந்திருந்தாள். திரும்பிப் பாருங்கள் என்று நடத்துகிறவர் சொல்லக்கூடாது. நான் சொல்லவில்லை. எத்தனை தடவை வாசித்தேனோ, தொண்டை வறண்டுவிட்டது.

“நாங்க திரும்பமாட்டோம் மைனி” என்றார் பொன்னுத்துரை.

“ஏன்?”

“நாங்க பாத்து உங்களுக்கு வந்து சொல்லுதது ஒருதடவ நடந்துபோச்சு. அன்னைக்கு ஜங்சன்ல நான்தான் பாத்தேன், நான்தான் சொன்னேன். இன்னொரு தடவ என்னால ஏலாது.”

அவர் எழுந்து, என் பக்கம் வந்து நின்றார். “நீங்க அங்கன போய் என் நாக்காலில உக்காருங்க. பூசாரிய நீங்க ஆடுங்க. புத்தகத்த நான் பிடிக்கேன்.”

இத்தனை வருடத்தில் நான் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து பார்த்தால் புத்தகம் தெரியாது, அட்டைத் தடுப்பின் முதுகுதான் தெரியும். அடுத்து என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது பயமாக இருக்கிறது. ரஹ்மத் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

பொன்னுத்துரை கண்ணாடியைச் சரிசெய்து, விரலால் வரியைத் தேடி, வங்கிச் சுற்றறிக்கை வாசிப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழாக்கிச் சொன்னார். “தண்ணி குளுந்து கிடக்கு. முன்னால இருட்டு. வெளிச்சம் உங்க முதுகுல விழுது. என்ன செய்யுதீங்க?”

“நடக்கேன்” என்றேன்.

“வெளிச்சம் உங்க முதுகுல விழுது. என்ன செய்யுதீங்க?”

“நடக்கேன்.”

அவர் அலுத்துக்கொள்ளவில்லை. மறுபடி முதல் வார்த்தையிலிருந்து தொடங்கினார். தண்ணி குளுந்து கிடக்கு. முன்னால இருட்டு. என்ன செய்யுதீங்க?

“திரும்பிப் பாக்கேன்” என்றேன்.

பக்கத்தைப் புரட்டினார். வெகுநேரம் தேடினார். “விளக்கு தண்ணிமேல நிக்கி. அசையாம நிக்கி. தூக்கிட்டு வந்த ஆளு இல்ல.” கொஞ்சம் நிறுத்தி, அடுத்த வரியைப் படித்தார். “போயி நேரமாச்சு. எந்த இடத்துலன்னு யாராலயும் சொல்ல ஏலாது.”

நான் அழுதேன். அடக்கத்தன்று வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். இன்றைக்கு மேசையில் தலையை வைத்துச் சத்தம் போட்டு அழுதேன். ஜாய்சி அம்மாள் எதிர்வீட்டு வாசலில் வந்து நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இசக்கி எழுந்துபோய் அவரிடம் ஏதோ சொல்லி அனுப்பினான்.

பொன்னுத்துரை புத்தகத்தை மூடவில்லை. நடத்துகிறவர் நடுவில் மூடக்கூடாது என்று நான்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். விரலை அதே வரியில் வைத்திருந்தார்.

“என்ன செய்யுதீங்க மைனி?”

“கொஞ்ச நேரம் நிக்கேன்.”

“நில்லுங்க” என்றார். “நாங்களும் நிக்கோம்.”

மார்ச் 10, ஞாயிறு

மடாலயம் முடிந்தது. மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். கொம்பையாவின் பேரை நானே இரண்டு இடத்தில் சொன்னேன், இறந்தவன் என்றுதான் சொன்னேன்.

மதிப்புரையை அனுப்பிவிட்டேன். பத்துக்கு ஆறு கொடுத்தேன். வர்ணனைகள் நீளம், ஐந்தாம் அறைக்கும் வரைபடத்துக்கும் ஒத்துப்போகவில்லை, கடைசிச் சண்டை சவசவ. பதினேழாம் அறையைப் பற்றி எழுதிய பத்தியை இங்கே தமிழில் எழுதிவைக்கிறேன்:

‘அச்சில் உள்ளபடி நடத்தப்பட்டது. ஒருமுறை மாற்றிப் பார்த்தேன், பிறகு திருத்திக்கொண்டேன். பகடை கொடுக்காமல் ஓர் ஆளை எடுத்துக்கொள்வது அநியாயம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் அந்த அறையில் நடப்பது பொய் இல்லை. அப்படி நடக்கும். நடத்தப்போகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். மேசையில் யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் அவர்களை அவசரப்படுத்தாதீர்கள், ஜாடை காட்டாதீர்கள். அதே பத்தியை மறுபடி வாசியுங்கள். சிலருக்கு ஒரு ஞாயிறு போதாது.’